பயம் போச்சு, பாஸ்போர்ட் எங்கே?

திருச்சி காட்டூரில் புது வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் கேட்டால், வருகிறவர்களில் ‘முகாம் பையன்கள்’ இருக்கக்கூடும். தஞ்சை சாலையில் கிழக்கே போனால் துவாக்குடிப் பக்கம் வாழவந்தான்கோட்டை இலங்கைத் தமிழர் முகாம். விமான நிலையத்துப் பக்கம் கொட்டப்பட்டு முகாம். ஏணியில் நிற்பவர்களில் பட்டதாரிகளும் உண்டு.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து படகில் வந்தவர்களை ஊர் அணைத்துக்கொண்டது. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் அதே ஊர் முகம் திருப்பியது. “முகாம் ஆளா? நமக்கெதுக்கு வம்பு” என்ற பேச்சு வெகுகாலம் ஓடியது. அதைத் தீர்த்தது மேடைப் பேச்சு அல்ல. பள்ளியில் ஒரே பெஞ்சு, சாரத்தில் ஒரே பலகை, சொன்ன தேதியில் முடிந்த வேலை. காட்டூரும் பாய்லர் ஆலையை நம்பி வெளியூர்க்காரர்கள் வந்து குடியேறி வளர்ந்த ஊர்தானே!

‘நம் பிள்ளைகளுக்கே வேலை இல்லையே’ என்பாரும் உண்டு. ஆனால் குடியுரிமை இல்லாததால் முகாம் பிள்ளையால் பெரும்பாலும் அரசு வேலைக்கு விண்ணப்பமே போட முடியாது. உறுத்துவது அதுதான். இந்த மண்ணில் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அதற்குப் பின் என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பரிலிருந்து நிபந்தனை இன்னும் இறுகிவிட்டது. கொட்டப்பட்டு முகாம் பெண் ஒருவர் நீதிமன்றம் ஏறி பாஸ்போர்ட் வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். அவர் பிறந்தது 1986-ல். ஓரிரு ஆண்டு கழித்துப் பிறந்தவருக்கு அந்தக் கதவு இல்லை.

2019 குடியுரிமைத் திருத்தத்தில் இலங்கை இடம்பெறவில்லை. 2021-ல் முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாறியது. புது வீடுகளுக்கும் நிதி ஒதுக்கப்பட்டது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்தவர்கள்மீது ஆவணமில்லாத குற்றத்துக்குத் தண்டனை இல்லை என்று 2025 செப்டம்பரில் விலக்கு வந்தது. நிம்மதிதான், குடியுரிமை அல்ல.

இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்களும் இந்த முகாம்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டன், பூட்டன் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறியது தமிழ்நாட்டிலிருந்துதான். அவர்கள் பேரன்களையும் சட்டம் அந்நியர் என்கிறது. காகிதம் அப்படிச் சொல்லும்வரை, எங்கேயாவது ஒரு சம்பவம் நடந்தால் பழைய பயம் மறுநாளே தலைதூக்கும்.

அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டுக் காட்டூருக்கு வருகிறவரிடம் சாலை, சாக்கடையோடு இதையும் கேளுங்கள்: இங்கே பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை எப்போது? அந்தப் பிள்ளைக்கு ஓட்டு இல்லை. கேட்க வேண்டியது ஓட்டு உள்ள நாம்தான்.