இரும்பின் சாட்சியம்

சில வஸ்துக்களை மிகவும் குளிரச் செய்தால் மின்சார ஓட்டத்துக்கு அவை தரும் தடை அடியோடு மறைந்துவிடுகிறது. இவற்றை மீகடத்திகள் என்பர். 1911-ல் ஹாலந்து தேசத்து லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் என்பார் பாதரசத்தில் இந்த அதிசயத்தை முதலில் கண்டார். காந்தம் இக்குணத்துக்குப் பரம விரோதி என்பது நிபுணர் பெரும்பாலோரின் தீர்மானம். மீகடத்திகளைத் தேடுவோர் காந்தத்தை விட்டு விலக வேண்டும் என்பது அமெரிக்காவின் பெர்ன்ட் மத்தியாஸ் வகுத்ததாகச் சொல்லப்படும் விதிகளுள் ஒன்று. காந்தத்துக்கு இரும்பைவிட நெருங்கிய உறவு எது? ஆகவே இரும்பின் வழக்கு விசாரணையின்றியே தள்ளுபடியாயிற்று.

ஜப்பானில் ஹிடியோ ஹோசோனோவும் அவர் சகாக்களும் மீகடத்தியைத் தேடிப் புறப்பட்டவர்கள் அல்லர். காந்த குணமுள்ள குறைகடத்திகளையே ஆராய்ந்து வந்தனர். 2006-ல் இரும்பு சேர்ந்த ஒரு பொருளில், 4 கெல்வின் அளவான கடுங்குளிரில், தடை மறைவதைக் கண்டனர். அற்பமென்று அதை ஒதுக்கவில்லை. 2008-ல் இரும்பு, ஆர்சனிக், லாந்தனம், பிராணவாயு ஆகியவை சேர்ந்த பொருளில் சிறிது ஃப்ளூரினைப் புகுத்தினர். 26 கெல்வினிலேயே தடை மறைந்தது. அவ்வாண்டிலேயே சீன விஞ்ஞானிகள் லாந்தனத்தின் ஸ்தானத்தில் ஸமேரியத்தை வைத்து 55 கெல்வினை எட்டினார்கள்.

இதன் ரகசியம் எலெக்ட்ரான்களின் அமைப்பில் இருக்கிறது. செம்பு மீகடத்திகளில் செம்பணுவின் எலெக்ட்ரான் நிலைகளுள் பிரதானமாக ஒன்றே வேலை செய்கிறது. இரும்பிலோ ஐந்து நிலைகளுக்கும் பங்குண்டு. மின்சாரத்தைச் சுமப்பவை இரண்டு கூட்டங்களாக நிற்கின்றன: எலெக்ட்ரான்கள் ஒன்று, எலெக்ட்ரான் நீங்கிய துளைகள் மற்றொன்று. காந்த ஒழுங்கு தளரத் தளர மீகடத்தல் தலையெடுக்கிறது. தளர்ந்த காந்தத்தின் அலைவே இரு கூட்டங்களுக்கும் இடையே தூது சென்று எலெக்ட்ரான்களை ஜோடி சேர்க்கிறது என்பது பலர் ஒப்பும் சித்தாந்தம். விரோதி என்று ஒதுக்கப்பட்டதே புரோகிதனாக வந்து நிற்கிறது!

இச்சித்தாந்தமும் கேள்விக்கு அப்பாற்பட்டதன்று. சாதாரணமாக 8 கெல்வினில் மீகடத்தியாகும் இரும்பு ஸெலெனைடை ஒற்றைப் படலமாக்கித் தக்க பீடத்தின்மேல் வைத்தால் அந்த அளவு பல மடங்கு உயர்வதை 2012-ல் சீனர் காட்டினர். அப்படலத்திலோ துளைக் கூட்டம் மின்சாரத்தைச் சுமக்கும் நிலையிலேயே இல்லை. அங்கே தூது யாரிடமிருந்து யாருக்கு?

பெரியோர் வகுத்த விதி மதிக்கத் தக்கதே. ஆனால் எதிர்ச் சாட்சியம் எவ்வளவு சிறிதாயினும் அதைக் கேளாமல் கதவடைப்பது நீதியாகாது. விஞ்ஞானத்துக்கு மட்டுமல்ல, பொது வாழ்வில் இறங்கியிருக்கும் நமக்கும் இது பொருந்தும்.