முழங்காற் சில்லு வலி: அதிர்வலைச் சிகிச்சையும் பயிற்சியும்

பால்மரத்தில் புதிதாக வெட்டுப்பட்டை திறக்கும்பொழுது அது நெஞ்சுயரத்தில் இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல வெட்டு கீழிறங்கி அடிமரத்தை நெருங்குகின்றது. அதற்கேற்ப வெட்டுபவரும் முதலில் குனிகின்றார்; பின்னர் குந்துகின்றார். ஒரு நிரையில் சில நூறு மரங்கள் உள்ளன. மரத்துக்கு ஒருமுறை குந்தி எழுந்தாலும் பால் எடுக்கும் நேரத்திற்குள் முழங்கால் எத்தனை முறை மடங்கி நிமிர்கின்றது என்பதனை எண்ணிப் பாருங்கள்! அதன்பின் நிறைந்த வாளிகளுடன் மேடு பள்ளங்களில் நடக்கவும் வேண்டும். "கீழ்வெட்டு வந்தது, முட்டிவலியும் வந்தது" என்று நம்மவர் சொல்வதில் உண்மை உண்டு.

இந்த வலி பெரும்பாலும் முழங்காலின் முன்புறத்தில், சில்லைச் சுற்றியோ அதன் அடியிலோ தோன்றும். சரிவில் இறங்கும்பொழுதும், குந்தி எழும்பொழுதும், லாரியில் நெடுநேரம் காலை மடக்கி அமர்ந்திருக்கும்பொழுதும் அது மிகும். சிலருக்கு உள்ளே நறநறவென்று ஓசை கேட்கும். வலியின்றி ஓசை மட்டும் இருப்பின் அஞ்ச வேண்டியதில்லை.

முழங்காற் சில்லு, தொடையெலும்பின் முனையிலுள்ள பள்ளத்தில் மேலும் கீழும் வழுக்கிச் செல்லும் ஒரு சிற்றெலும்பாகும். அதன் உட்புறத்தைச் சில மில்லிமீட்டர் கனமுள்ள வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கின்றது. சமதரையில் நடக்கும்பொழுது அவ்விடத்தில் விழும் அழுத்தம் நம் உடல் எடையில் ஏறத்தாழப் பாதி. படியேறும்பொழுது மூன்று மடங்கு. ஆழக் குந்தும்பொழுதோ ஏழு மடங்குக்கும் மேல் ஆகின்றது. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்களும் இல்லை, நரம்புகளும் இல்லை. ஆகவே அது தேய்ந்தால் எளிதில் ஆறுவதில்லை. நாம் உணரும் வலி, அதன் கீழுள்ள எலும்பிலிருந்தும் சுற்றியுள்ள மெல்லிய தசைகளிலிருந்தும் எழுவதாகும். தேய்ந்த குருத்தெலும்பைப் பழைய நிலைக்கு வளர்த்துத் தரும் என்று நிரூபிக்கப்பட்ட தைலமோ மாத்திரையோ இன்றளவும் இல்லை.

இந்நிலையில்தான் அதிர்வலைச் சிகிச்சை என்னும் பெயர் நம் காதுகளில் விழுகின்றது. இது மின்சார அதிர்ச்சி அன்று. காற்றழுத்தத்தாலோ வேறு முறையாலோ உண்டாக்கப்படும் ஒலி அலையே ஆகும். 1980ஆம் ஆண்டு ஜெர்மனியின் மூனிக் நகரில் சிறுநீரகக் கற்களை உடலுக்கு வெளியிலிருந்தே உடைப்பதற்கு இத்தகைய அலையை மருத்துவர்கள் முதன்முறையாகப் பயன்படுத்தினர். பின்னர் அதனை வலுக்குறைத்துக் குதிகால் வலிக்கும் தசைநாண் வலிக்கும் பயன்படுத்தலாயினர். தோலின்மேல் பசை தடவி, கைப்பிடிக் கருவியை வைத்து, ஓர் அமர்வில் ஏறத்தாழ 2,000 தட்டுகள் தருவர். பெரும்பாலும் வாரத்திற்கு ஓர் அமர்வாக மூன்று முதல் ஐந்து அமர்வுகள் நடைபெறும். தட்டும்பொழுது சற்று வலிக்கும். பிறகு தோல் சிவந்து ஓரிரு நாள் நோகலாம்.

இதனால் வலி தணிகின்றதா? முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு வலி குறைந்ததாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. சில்லின் குருத்தெலும்பு வலியைப் பொறுத்தவரை சான்றுகள் இன்னும் குறைவே. கருவுற்ற பெண்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போர், அவ்விடத்தில் புற்றுநோயோ கிருமித் தொற்றோ உள்ளவர்கள் ஆகியோருக்கு இச்சிகிச்சை ஆகாது. "பத்து நிமிடத்தில் வலி பறந்துவிடும்" என்னும் விளம்பரத்தை நம்பி மாதக் கூலியைக் கொண்டுபோய்க் கொடுப்பதை நாம் சரியென்று கருதவில்லை. கருவி வலியைச் சிறிது அடக்கலாம். சில்லைப் பள்ளத்தில் நேராக ஓடச் செய்வன தொடைத் தசையும் இடுப்புத் தசையுமே. அவற்றைக் கருவி வலுப்படுத்தாது. வலி தணிந்ததும் பயிற்சியைத் தொடங்காதவருக்குக் கீழ்வெட்டு நிரையில் வலி மீண்டும் வருவதற்கு இடமுண்டு.

பயிற்சிக்குச் செலவில்லை, ஒரு பாயும் மடித்த துண்டும் போதும். காலை நீட்டி அமர்ந்து, முழங்காலின் அடியில் துண்டை வைத்து, தொடையை இறுக்கி அதனைக் கீழே அழுத்துங்கள். ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து தளர்த்துங்கள். இதனைப் பத்து முறை செய்யலாம். அடுத்து மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்றதை மடக்காமல் ஓர் அடி உயரம் தூக்கி நிறுத்தி, மெல்ல இறக்க வேண்டும். பிறகு ஒருக்களித்துப் படுத்து மேலிருக்கும் காலைப் பக்கவாட்டில் தூக்குக, இது இடுப்புக்கு. இடுப்புப் பயிற்சியைப் பலர் தேவையில்லையென்று விட்டுவிடுகின்றனர். ஆனால் இடுப்பு தளர்ந்தால் தொடை உட்புறம் திரும்பும். சில்லும் விலகி உரசும். சில வாரங்கள் சென்றபின் சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலைச் சிறிதளவே மடக்கி நிற்கலாம். ஆழக் குந்துதல் அப்பொழுதும் வேண்டாம்.

பயிற்சியின்பொழுது இலேசாக வலிப்பதில் தவறில்லை. மறுநாட்காலை பெரட்டுக்குச் செல்லும்பொழுதும் அவ்வலி நீடித்தால், அல்லது முட்டி வீங்கினால், அளவைக் குறைத்துக்கொள்க. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம். மூன்றாம் வாரத்தில் "ஒன்றும் ஆகவில்லை" என்று கைவிடுவோரே மிகுதி.

அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்கள் 1 ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைக் காணலாம். தேவையெனக் கண்டால் அவர் மருத்துவமனையின் உடலியக்க சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புவார். அதிர்வலை வேண்டுமா, வேண்டாமா என்பதனை அங்கே கேட்டறிவது நன்று. முட்டி திடீரென வீங்கிச் சூடேறிக் காய்ச்சலும் கண்டால், அல்லது மடங்காமல் பூட்டிக்கொண்டால், அல்லது காலை ஊன்ற முடியாமற்போனால், பயிற்சியையும் தைலத்தையும் விட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மரத்தடியில் வழுக்கி விழுந்து வந்த வலியாயின் அன்றே அலுவலகத்தில் தெரிவியுங்கள். முதலாளி 48 மணி நேரத்திற்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டியவர்.

இன்னொன்றையும் மருத்துவரிடம் கேட்கத் தயங்காதீர்கள்: கீழ்வெட்டைச் சில வாரங்களுக்குத் தவிர்க்கச் சொல்லும் கடிதம். அதனை மண்டோரிடம் காட்டி, மேல்வெட்டு மரங்கள் உள்ள நிரையையோ, குந்தாமல் செய்யக்கூடிய வேறு வேலையையோ கேட்கலாம். மரங்கள் குறைந்தால் கூலியும் குறையும் என்று அஞ்சி வலியை மறைத்து வெட்டுபவர், பின்னர் நிரையையே விட நேரிடுவதுண்டு. நிரையை மாற்றித் தருவது மண்டோருக்கும் கடினமன்று.