தீ அணைந்த பின்னர்

ஒரு வீடு எரிந்து முடிய அதிக நேரம் வேண்டியதில்லை. கீற்றுக் கூரையாயின் சில நிமிடங்களே போதும். சித்திரை, வைகாசி மாதங்களில் காய்ந்து சருகாகிக் கிடக்கும் கூரையில் ஒரு பொறி விழுந்தால், காற்று அதனை அடுத்த கூரைக்கும் எடுத்துச் செல்லும். ஊரார் குடங்களோடு ஓடி வருகிறார்கள். தீயணைப்பு வண்டி வருகிறது. கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்வையிட்டுக் குறித்துக்கொள்கிறார். பங்கு மக்கள் அரிசியும் வேட்டி சேலையும் பாத்திரங்களும் திரட்டித் தருகிறார்கள். இந்த முதல் வாரத்தில் நம் மக்களின் இரக்கத்துக்குக் குறைவே இராது. பங்குப் பணியில் நாம் பலமுறை கண்ட உண்மை இது.

ஆனால் இரண்டாம் மாதம் எப்படியிருக்கும்? வந்தவர்கள் தத்தம் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். கொடுத்த அரிசி தீர்ந்துவிடுகிறது. வீடிழந்தவர் உறவினர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் நம் உடன்பிறந்தவராக இருக்கலாம். மகளாகவோ, மாமனாராகவோ இருக்கலாம். அவரை மீண்டும் நிமிர்ந்து நடக்கச் செய்வது எப்படி என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் உடலைப் பாருங்கள்

பரபரப்பில் பலரும் தம் உடற்காயத்தை மறைத்துவிடுவர். தீப்பட்ட இடத்தில் உடனே குழாய் நீர் போன்ற குளிர்ந்த நீரை இருபது நிமிடம் ஓடவிட வேண்டும். மையோ, பற்பசையோ, மாவோ பூசுதல் கேடு தரும். புகையைச் சுவாசித்தவருக்கு இருமலும் மூச்சுத் திணறலும் உடனே தோன்றாமல், ஒரு நாள் கழித்தும் தோன்றக்கூடும். ஆகவே, "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவர் சொன்னாலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 108 என்னும் எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும்.

எரிந்த வீட்டினுள் நுழைய அவசரப்படலாகாது. சுவர் சரியலாம், மின்கம்பியில் மின்சாரம் இருக்கலாம். தீயணைப்புத் துறையினரும் மின்வாரியத்தாரும் அனுமதித்த பின்னரே உள்ளே செல்க. தீயிலும் புகையிலும் கிடந்த உணவுப் பொருள்களையும் மருந்துகளையும், அவை பார்வைக்கு நன்றாயிருப்பினும், எறிந்துவிடுவதே நன்று.

சாம்பலில் இருப்பவை

சாம்பலை உடனே வாரிக் கொட்டிவிடாதீர்கள். பொன் எரிந்து போவதில்லை. நகை உருகி உருவிழந்தாலும் பொன் பொன்னாகவே இருக்கும். பொறுமையாகச் சலித்தால் கிடைக்கும். பெட்டியில் வைத்திருந்த பணம் கருகியிருந்தால் அதனை உதறவோ பிரிக்கவோ வேண்டாம். கருகி நொறுங்கும் நிலையிலுள்ள நோட்டுகளைச் சாதாரண வங்கிக் கிளைகளில் மாற்ற இயலாது. ஆயின் ரிசர்வ் வங்கியின் நோட்டு வெளியீட்டு அலுவலகத்தில் அவற்றைக் கொடுக்கலாம். அங்கே ஆராய்ந்து, விதிகளின்படி உரிய தொகையை அளிப்பார்கள். பெரும்பாலோர் இதனை அறியாமல் கருகிய நோட்டுகளைக் குப்பையில் எறிந்துவிடுகிறார்கள்.

அடுத்து ஆவணங்கள். இங்குதான் எழுதப் படிக்கத் தெரிந்த உறவினர் ஒருவரின் உதவி பொன்னினும் மேலானது. காவல் நிலையத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் தீ விபத்தை எழுத்து மூலம் தெரிவித்துச் சான்று பெறுவது முதற்படி. மற்றவற்றுக்கெல்லாம் அதுவே ஆதாரமாகும். பட்டாவின் நகலை வட்டாட்சியர் அலுவலகம் வழியாகவும், கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பெறலாம். பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்களுக்குப் படித்த பள்ளியின் தலைமை ஆசிரியரை அணுக வேண்டும். குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். எரிவாயு உருளையினால் நேர்ந்த விபத்தாயின் முகவருக்கு உடனே அறிவியுங்கள். பதிவு பெற்ற வாடிக்கையாளருக்கு எண்ணெய் நிறுவனங்கள் விபத்துக் காப்பீடு செய்து வைத்திருக்கின்றன. ஞானஸ்நானச் சான்றும் திருமணச் சான்றும் எரிந்து போயினும் கவலை வேண்டாம். அவை அந்தந்தப் பங்கின் பதிவேடுகளில் பத்திரமாக இருக்கின்றன. கேட்டால் குருவானவர் நகல் எழுதித் தருவார்.

இத்தனை அலுவலகங்களுக்கும் மனமொடிந்த ஒருவர் தனியே ஏறி இறங்குவது இயலாத காரியம். "வேண்டியதைக் கேள், செய்கிறேன்" என்று பொதுப்படச் சொல்வதை விட, "செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன், தாலுகா அலுவலகம் போவோம்" என்று நாளும் நேரமும் குறித்துச் சொல்வதே உதவி.

உள்ளத்தில் எரிவது

சுவரும் கூரையும் மட்டுமா எரிகின்றன? மறைந்த தாயின் சேலை, மகனின் முதற்பள்ளிச் சட்டை, திருமணப் படம், பாட்டனார் கையால் செய்த மரப்பெட்டி ஆகியவையும் எரிந்துவிடுகின்றன. அரிசி மூட்டை போனதற்கு அழாத மூதாட்டி ஒரு படத்துக்காக ஓவென்று அழுதால் வியப்படையாதீர்கள். அரிசியை மீண்டும் வாங்கலாம் என்பது அவருக்குத் தெரியும். படத்தை எங்கே வாங்குவது? நம் வீடுகளில் அதே மனிதரின் படம் இருக்குமாயின் அதனைப் பிரதி எடுத்துக் கொடுப்பது சிறிய செலவு, பெரிய ஆறுதல்.

துயரம் மனித உடலையும் மனத்தையும் என்ன செய்கிறது என்பதை மருத்துவ உலகம் முறையாக ஆராயத் தூண்டியதே ஒரு பெருந்தீதான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1942 நவம்பர் 28 இரவு, 'கோக்கனட் குரோவ்' என்னும் கேளிக்கை விடுதி எரிந்து 492 பேர் மாண்டனர். அந்நகர மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையின் மனநல மருத்துவர் எரிக் லிண்டமன், தப்பியவர்களையும் உறவினரை இழந்தவர்களையும் கண்டு பேசினார். மற்ற வகையில் உற்றாரை இழந்தோரையும் சேர்த்து ஆராய்ந்து, 1944இல் தம் முடிவுகளை வெளியிட்டார். தொண்டை அடைத்தல், அடிக்கடி பெருமூச்சு, உடற்சோர்வு, இருப்புக் கொள்ளாமை, நெருங்கியவர்மீதே எரிச்சல், 'என்னால்தானோ இது நேர்ந்தது' என்ற குற்ற உணர்வு ஆகியவற்றை அவர் பலரிடமும் கண்டார். ஆகவே நம் அன்பர் நம்மீதே சீறி விழும்போது அதனை நன்றிகெட்ட தனம் என்று எண்ணலாகாது. துயரத்தின் முகங்களில் அதுவும் ஒன்று.

லிண்டமன் குறித்துள்ள ஒரு நிகழ்ச்சி நெஞ்சை உலுக்குவது. 32 வயது இளைஞர் ஒருவர் சிறு காயங்களோடு தப்பினார். அவர் மனைவி மாண்டுவிட்டார். செய்தி கேட்டும் அவர் அமைதியாயிருந்ததைக் கண்டு, நன்றாகத் தேறுகிறார் என்றே மருத்துவர் கருதினார். வீடு திரும்பிய பின்னரே, மனைவியைக் காப்பாற்றத் தவறினேன் என்ற எண்ணம் அவரை ஓயாது வதைத்தது. மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அழாதவர் ஆறிவிட்டார் என்று முடிவு கட்டக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? நம் குடும்பங்களில் ஆடவர் பலர் இப்படித்தான் வாய் மூடி இருந்துவிடுகிறார்கள். சிலர் மதுவில் மறக்க முயல்கிறார்கள். அவர்களை அடிக்கடி போய்ப் பாருங்கள்.

சொல்லத் தகாதவை

யோபுவின் நண்பர் மூவரும் அவருடைய துயரம் கேட்டு வந்து, ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு சொல்லும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர் என விவிலியம் கூறுகிறது. அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களே. வாய் திறந்து காரணம் கற்பிக்கத் தொடங்கிய பின்னரே அவர்கள் அவருக்குச் சுமையாயினர்.

நாமும் எளிதில் அவர்களைப் போல ஆகிவிடுகிறோம். "அடுப்பை அணைக்காமல் ஏன் போனாய்?" என்று கேட்கிறோம். "உயிர் தப்பியதே பெரிது, பொருள் என்ன பொருள்" என்கிறோம். "எல்லாம் இறைவன் சித்தம்" என்று சொல்லி எழுந்துவிடுகிறோம். இவற்றுள் உண்மை இருப்பினும், அதனைத் துயருற்றவர் தாமே கண்டு சொல்லும்போதுதான் ஆறுதலாகும்; நாம் சொன்னால் அவர் வாயை அடைப்பதாகும். அன்றிரவு நடந்ததை அவர் பத்தாவது முறை சொன்னாலும், முதன்முறை கேட்பதுபோல் கேளுங்கள்.

குழந்தைகளை மறவாதீர்கள். இரவில் அலறி எழுதல், படுக்கையை நனைத்தல், விளக்கைக் கண்டு அஞ்சுதல் ஆகியவை தோன்றக்கூடும். அவர்களை ஏசாமல் அணைத்துக்கொள்ளுங்கள். கூடுமானவரை பெற்றோரிடமிருந்து பிரிக்காதீர்கள். விரைவில் பள்ளிக்கு அனுப்புங்கள். பழகிய வகுப்பும் தோழரும் நல்ல மருந்து. பெரியவர்க்காயினும் சிறியவர்க்காயினும் உறக்கமின்மையும் அச்சமும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரை நாடுவதில் வெட்கம் எதற்கு? 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணிலும் இலவசமாகப் பேசலாம்.

சொந்த உலை

உறவினர் வீட்டில் தங்கும் குடும்பத் தலைவிக்கு எல்லாம் கிடைக்கிறது; ஆயினும் அவர் முகம் வாடியிருக்கிறது. காரணம் என்ன? பிறர் அடுப்பில் வெந்த சோற்றையே அவர் தினமும் உண்கிறார். ஓர் அடுப்பும் இரண்டு பாத்திரமும் கொடுத்து, கொல்லைப்புறத்தில் ஓர் இடம் ஒதுக்கி, "உங்கள் உலையை நீங்களே வையுங்கள், அண்ணி" என்று சொல்லிப் பாருங்கள். தம் பிள்ளைகளுக்குத் தாமே பரிமாறும் அன்று அவர் பாதி தேறிவிடுவார்.

இழந்தவரைக் கேளாமல் அவருக்காக எல்லாவற்றையும் முடிவு செய்துவிடுவது, அன்பினாலே நாம் செய்யும் கேடு. தீ அவர் கையிலிருந்து எல்லாவற்றையும் பறித்தது. எஞ்சிய தீர்மானங்களையும் நாம் பறிக்கலாமா? எந்தத் துணி வேண்டும், எங்கே தங்க வேண்டும், புதிய வீட்டின் வாசல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பனவற்றை அவரே சொல்லட்டும். பணம் கொடுப்பவர் யோசனை கூறலாம், ஆணையிடலாகாது. கிழிந்த துணிகளைக் கழித்துவிடும் வாய்ப்பாகவும் இதனைக் கொள்ளலாகாது.

காலத்தைப் பங்கிடுங்கள்

பாரிஸ் நகரின் நோத்ர்தாம் பேராலயம் 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்தது. உலகெங்கிலுமிருந்து நிதி குவிந்தது. தேர்ந்த தச்சரும் கற்சிற்பியரும் கூடி உழைத்தனர். ஆயினும் அதன் கதவுகள் மீண்டும் திறக்கப்பட்டது 2024 டிசம்பரில்தான். உலகமே உதவிய பேராலயத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்றால், ஒரு கூலித் தொழிலாளியைப் பார்த்து மூன்றாம் மாதமே "இன்னுமா அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாய்?" என்று கேட்பது நியாயமாகுமா?

ஆகவே உறவினர் ஐவர் இருந்தால் ஐவரும் முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்க வேண்டாம். ஒருவர் முதல் மாத அரிசியை ஏற்கட்டும். ஒருவர் அலுவலக அலைச்சலை ஏற்கட்டும். ஒருவர் ஜூன் மாதப் பள்ளிச் செலவை ஏற்கட்டும். ஒருவர் மழைக்கு முன் கூரை வேய உடலுழைப்புத் தரட்டும். எஞ்சிய ஒருவர் வாரம் ஒருமுறை போய் அருகே உட்கார்ந்திருக்கட்டும். அவர் வெறுங்கையோடு போனாலும் குறையில்லை.

அடுத்த ஆண்டு அதே நாள் வரும்போது, தீப்பட்ட குடும்பம் அதனை மறந்திராது. நாட்காட்டியில் அந்நாளை இன்றே குறித்து வைத்துக்கொண்டு, அன்று மாலை அவர்கள் வீட்டுக்குச் செல்லுங்கள்.