வளையலை அடகு வைக்காமலே இன்ஜினீயர் ஆகலாம்... ஆனால், ஆறாம் வகுப்பிலேயே கவனிக்க வேண்டிய விஷயம் இது!

குரோம்பேட்டை ஜி.எஸ்.டி சாலையைத் தாண்டிப் போகும் எல்லோருக்கும் எம்.ஐ.டி வளாகம் தெரிந்திருக்கும். தொழிலதிபர் சி.ராஜம் 1949-ல் தொடங்கிய கல்லூரி அது. 1950-களின் நடுவில் ராமேஸ்வரத்திலிருந்து வந்த ஓர் இளைஞருக்கு அங்கே இடம் கிடைத்தது. ஆனால், சேர்வதற்குச் சுமார் 1,000 ரூபாய் வேண்டும். அப்பாவால் அவ்வளவு பணத்தைப் புரட்ட முடியவில்லை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்தார். அவற்றை அடகு வைத்துத்தான் விமானப் பொறியியலில் சேர்ந்தார், ஏ.பி.ஜே.அப்துல் கலாம்.

நன்றாகப் படித்து ஸ்காலர்ஷிப் வாங்கினால்தான் அந்த வளையல்களை மீட்க முடியும் என்ற நிலை அவருக்கு. ஒருமுறை விமான வடிவமைப்பு ப்ராஜெக்ட் தாமதமானபோது, மூன்று நாள்களில் முடிக்காவிட்டால் ஸ்காலர்ஷிப் நின்றுவிடும் என்று பேராசிரியர் சீனிவாசன் எச்சரித்ததையும், இரவு பகலாக உட்கார்ந்து அதை முடித்ததையும் கலாமே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

பள்ளி விழாக்களில் உழைப்புக்கு உதாரணமாகச் சொல்லப்படும் கதை இது. இதற்குள் இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அடகு வைக்க நகையே இல்லாத வீட்டுப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? நகையைக் கழற்றிக் கொடுத்த பெண்களுக்குக் கல்லூரி வாசல் திறந்திருந்ததா?

'அவன்' என்று அச்சடித்த சான்றிதழ்

இரண்டாவது கேள்விக்கான பதில், அதே மின்சார ரயில் பாதையில் கிண்டியில் இருக்கிறது. 15 வயதில் திருமணம், 18 வயதில் கணவரை இழந்து கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. இந்த நிலையில் 1940-ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் பிரிவில் சேர்ந்தார் அய்யலசோமயாஜுல லலிதா. அவருடைய அப்பா பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் பேராசிரியர் என்பதால் அனுமதி கேட்க முடிந்தது. அடுத்து தெரேசியா, லீலம்மா ஜார்ஜ் என்ற இருவர் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். ஆண்களுக்காகவே அச்சடிக்கப்பட்டிருந்த பட்டச் சான்றிதழில் 'அவன்' என்பதை அடித்துவிட்டு 'அவள்' என்று கையால் திருத்திக் கொடுத்தார்கள். பிற்காலத்தில் பக்ரா நங்கல் அணையின் மின்பாதைப் பணிகளில் பங்காற்றினார் லலிதா. தெரேசியா, கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

பேராசிரியர் அப்பாவோ, வளையல் கொடுக்கும் அக்காவோ இல்லாத பெண்ணுக்கு அந்த இடத்தில் யார் நிற்பது? அரசு நிதியுதவி என்பது இந்தக் கேள்விக்கான பதில்தான்.

தாலிக்குத் தங்கம்... காலேஜுக்கு 1,000 ரூபாய்!

தமிழ்நாட்டில் ஏழைப் பெண்களுக்கு அரசு கொடுத்த உதவி நீண்டகாலம் திருமணத்தை ஒட்டியே இருந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண நிதியுதவித் திட்டம் 1989-ல் வந்தது. 2011-ல் தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது. 2016-ல் அது 8 கிராம் ஆனது. பட்டம் அல்லது டிப்ளோமா முடித்த பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தங்கமும் கிடைக்கும். படித்தால் உதவி கூடும்தான். ஆனால், பணம் வருவது கல்யாணத்தின்போது.

2022 மார்ச் பட்ஜெட்டில் இந்தத் திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 5-ம் தேதி 'புதுமைப்பெண்' என்ற பெயரில் தொடங்கப்பட்டது. 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ என எதில் சேர்ந்தாலும், படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவர்களின் சொந்த வங்கிக் கணக்குக்கு வரும். மாணவர்களுக்கு இதே போன்ற 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024 ஆகஸ்ட் 9-ல் தொடங்கியது.

லேப் இருக்கும் படிப்புக்கு ஏன் இது முக்கியம்?

புதுமைப்பெண் எல்லாப் படிப்புக்கும் பொதுவானது. ஆனால், அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்கும் மாணவிக்கு இதன் மதிப்பு கொஞ்சம் அதிகம். ஷிஃப்ட் முறையில் அரை நாள் கல்லூரிக்குப் போகிறவர்கள் மீதி நேரத்தில் கடையிலோ, டியூஷனிலோ சம்பாதிக்க முடியும். காலையில் வகுப்பு, மதியம் லேப், வீட்டுக்கு வந்தால் ரெக்கார்டு நோட் என்று ஓடும் இன்ஜினீயரிங் மாணவிக்கு அந்த வழி இல்லை. லேப் கோட், டிராஃப்டர், ப்ராஜெக்ட் செலவு என்று கட்டண ரசீதில் வராத செலவுகள் வேறு.

தாம்பரம் சானடோரியம் பகுதியில் 1984-லிருந்து மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் இருக்கிறது. ப்ளஸ் டூ முடித்ததும் வேலைக்குப் போனால் அடுத்த மாதமே சம்பளம் வரும் என்ற கணக்கு புறநகர் வீடுகளில் எப்போதும் உண்டு. 1,000 ரூபாய் அந்தச் சம்பளத்துக்கு ஈடாகாது. ஆனால், சீசன் டிக்கெட்டுக்கும் ஜெராக்ஸுக்கும் வீட்டில் கைநீட்ட வேண்டாம். 'இவ படிக்கிறதுல வீட்டுக்குச் செலவுதான்' என்ற பேச்சும் குறையும்.

பெரிய செலவான கல்விக் கட்டணத்துக்கு வேறு வழி இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020-லும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021-லும் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு வந்தது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியலில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது.

கதவு மூடுவது 11 வயதில்!

இங்கேதான் பல குடும்பங்கள் தவறவிடும் விஷயம் இருக்கிறது. 7.5 சதவிகிதம், புதுமைப்பெண் இரண்டுக்குமே முக்கிய நிபந்தனை, 6-ம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருப்பது. வீட்டு வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இது மாறாது.

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் என்று இந்தப் பாதை முழுக்கத் தெருவுக்குத் தெரு மெட்ரிக் பள்ளிகள். ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மகளை இங்கிலீஷ் மீடியத்தில் படிக்க வைக்கும் ஆசையில் 6-ம் வகுப்பில் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்க்கிறார்கள். அப்பாவுக்கு வேலை போகிறது, ஃபீஸ் கட்ட முடியாமல் 9-ம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு வருகிறாள். ப்ளஸ் டூவில் நல்ல மார்க். ஆனால், அந்த மூன்று வருடங்களால் இரண்டு சலுகைகளும் கைநழுவிப் போகின்றன. கொரோனா காலத்தில் எத்தனையோ பிள்ளைகள் இப்படித் தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறினார்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவிகித ஒதுக்கீட்டில் 8-ம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் தகுதி பெறுவார்கள். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் 2024 டிசம்பர் 30 முதல் புதுமைப்பெண் விரிவாக்கப்பட்டது. அதே பள்ளியில் பக்கத்து வகுப்பறையில் ஆங்கில வழியில் படித்தவளுக்கு அந்த விரிவாக்கத்தில் இடமில்லை.

ஏழ்மையை அளக்க பள்ளியின் பெயர்ப் பலகையை மட்டும் பார்ப்பது சுலபமான வழி. சரியாகப் போய்ச் சேரவும் உதவுகிறது. ஆனால், கோட்டுக்கு ஓரடி வெளியே நிற்கும் மாணவிகளுக்கு அது போதாது.

கோட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு...

பள்ளி எதுவாக இருந்தாலும் விண்ணப்பிக்கக்கூடியவை இவை:

• பிரகதி: அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுமம் (ஏ.ஐ.சி.டி.இ) வழங்குவது. டிகிரி, டிப்ளோமா மாணவிகளுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். டிப்ளோமா முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்கிறவர்களும் விண்ணப்பிக்கலாம்.

• சக்ஷம்: அதே குழுமம் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தரும் ஆண்டு 50,000 ரூபாய்.

• இன்ஸ்பயர்: ப்ளஸ் டூவில் தங்கள் தேர்வு வாரியத்தின் முதல் 1 சதவிகிதத்துக்குள் வந்து, இயற்பியல், வேதியியல், கணிதம் போன்ற அடிப்படை அறிவியல் பட்டம் படிப்பவர்களுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆண்டு 80,000 ரூபாய்.

• முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை: வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால், அரசுக் கலந்தாய்வில் சேரும்போது கல்விக் கட்டணச் சலுகை. இதற்கான சான்றிதழை வருவாய்த் துறையிடம் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

• பெண்களுக்கான கூடுதல் இடங்கள்: இது பணமல்ல, இடம். ஐ.ஐ.டி-களில் பெண்கள் 14 சதவிகிதமாவது இருக்க வேண்டும் என்று 2018-ல் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டன. 2020-ல் இலக்கு 20 சதவிகிதம் ஆனது. மேலக்கோட்டையூர் ஐ.ஐ.ஐ.டி.டி.எம்-மிலும் பெண்களுக்கென இடங்கள் உண்டு.

பிரகதி, சக்ஷம் இரண்டுக்கும் தேசிய ஸ்காலர்ஷிப் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். புதுமைப்பெண்ணுக்கு, சேர்ந்த கல்லூரியிலேயே அதற்கென இருக்கும் பொறுப்பாளரைப் பார்த்தால் போதும்.

பாலிடெக்னிக் என்றால் குறைவா?

சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்தில் பாலிடெக்னிக் டிப்ளோமா முடித்துவிட்டு, மேற்குத் தாம்பரம் சாய்ராம் கல்லூரியில் இன்ஜினீயரிங் படித்தவர். ரயில்வே தொழில்நுட்ப ஊழியரின் மகன். ஆதித்யா எல்-1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டை அரசுப் பள்ளி மாணவி. இவர்கள் உட்பட ஒன்பது விஞ்ஞானிகளை 2023 அக்டோபர் 2-ம் தேதி தமிழக அரசு கௌரவித்தது. முதுநிலைப் பொறியியல் படிக்கும் மாணவர்கள் ஒன்பது பேருக்கு உதவ, 10 கோடி ரூபாயில் நிதியம் ஒன்றும் அப்போது அறிவிக்கப்பட்டது.

அந்த ஒன்பது விஞ்ஞானிகளில் பெண்கள் இருவர். கல்லூரிக்குள் நுழைய உதவும் பணம், அதன் பிறகு ஆய்வு வரை தொடர்ந்தால்தான் இந்த எண் கூடும். திருமணம், பிரசவம் என்று இடையில் நின்றுபோன பெண் விஞ்ஞானிகளை மீண்டும் ஆய்வுக்கு அழைத்துவரும் திட்டம் மத்திய அரசிடம் 2002-03 முதல் இருக்கிறது. இப்போது 'வைஸ் கிரண்' என்ற பெயரில் நடக்கிறது. எம்.எஸ்சி, பிஹெச்.டி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் இதையும் ஒருமுறை பார்க்கலாம்.

ஐந்தாம் வகுப்பு முடிக்கும் மகள் உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த பள்ளியை முடிவு செய்யும் முன் பேருந்து, ஃபீஸ், மீடியம் ஆகியவற்றோடு இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்பு முடித்திருந்தால், ப்ளஸ் ஒன்னில் அவள் எடுக்கும் குரூப் எந்தெந்தப் படிப்புகளுக்கு வழிவிடும் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். கல்லூரியில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டாளா? அவள் பெயர் புதுமைப்பெண் பட்டியலில் இருக்கிறதா என்பதை நாளைக்கே கல்லூரி அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.