கண்ணில் சுண்ணாம்பு பட்டால்

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால், அமிலம் பட்டதைவிடக் கொடிய காயம் உண்டாகக்கூடும். ஏனெனில் அமிலம் கருவிழியின் மேற்பரப்பிலுள்ள புரதத்தை உறையச் செய்து, அந்த உறைவாலேயே பெரும்பாலும் தடைபட்டு நிற்க, காரமாகிய சுண்ணாம்போ உயிரணுச் சவ்வின் கொழுப்பைச் சிதைத்து உள்ளே ஊடுருவிக்கொண்டே செல்கிறது. கருவிழியும் வெள்ளைவிழியும் சந்திக்கும் விளிம்பில், கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும் மூல உயிரணுக்கள் உள்ளன. அவை அழிந்தால் கண்ணாடி போன்ற கருவிழி மங்கி வெளுத்துவிடும். சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தை பிதுக்கும்போது நேரும் இவ்விபத்தில், எத்தனை முறை சொன்னாலும் தகும், மருத்துவமனைக்கு ஓடுவதற்கும் முன்பாகத் தூய நீரை அரைமணி நேரமாவது இடைவிடாமல் ஊற்றிக் கண்ணைக் கழுவுவதே முதலுதவி. மேலிமையைப் புரட்டி, அதனடியில் வெண்துகள்களாக ஒட்டியிருக்கும் சுண்ணாம்பை மருத்துவர் அகற்றும்வரை காரம் கசிந்துகொண்டேயிருக்கும்.