நிலமற்றோரும் நிலத்தடிச் செல்வமும்: மஸ்கெலியாவிலும் தேவாலாவிலும் சிற்றளவு அகழ்வு

சிற்றளவுக் கனிய அகழ்வு பற்றி எழுதுவோர் பலரும் அதனைச் 'சட்டவிரோதம்', 'சூழல் அழிவு' என்னும் இரு சொற்களுக்குள் அடக்கிவிடுகின்றனர். பத்திரிகைச் செய்தியில் மண்வெட்டியோடு பிடிபட்டவன் மட்டுமே தென்படுகின்றான். கல்லையோ பொன்னையோ வாங்கியவன் தென்படுவதில்லை. அகழ்பவன் சட்டத்துக்கு வெளியே நிற்க நேர்ந்தது ஏன் என்ற வினாவும் எழுவதில்லை. மலையகத்து மாணிக்கக்கல் அகழ்வையும், மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டோர் குடியேறிய நீலகிரியின் பொன் அகழ்வையும் ஒருசேர வைத்து நோக்கினால் இவ்வினாவுக்கு விடை கிடைக்கும் எனக் கருதுகின்றோம்.

முதலில் மஸ்கெலியாவை நோக்குவோம். மஸ்கெலிய ஓயாவும் கெசெல்கமு ஓயாவும் கூடியே களனி கங்கை ஆகின்றது. முன்னதன் குறுக்கே மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கமும் (1969), பின்னதன் குறுக்கே காசல்ரீ நீர்த்தேக்கமும் (1965) அமைக்கப்பட்டன. மவுஸ்ஸாக்கலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீரில் அமிழ்த்தப்பட்டது. வரட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது அந்நகரத்து வழிபாட்டிடங்களின் சிதைவுகள் இன்றும் வெளித் தெரிகின்றன. இவ்விரு நீரோட்டங்களின் கரைகளிலும், பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியாப் பகுதிகளின் தேயிலைச் சரிவுகளிலும் மாணிக்கக்கல் செறிந்த சரளைப் படை உண்டு. அதனைச் சிங்களத்தில் 'இல்லம' என்பர். தமிழ்ச் செவிக்கு அது 'இல்லம்' என்றே ஒலிக்கும். சொந்த இல்லம் இல்லாதவர்கள் இந்த இல்லத்தைத் தேடி இரவில் மண் தோண்டுகின்றனர்.

அகழ்வு முறை எளியது. மேல்மண்ணை அகற்றிச் சரளையை எடுத்து, கூடையில் இட்டு ஓடும் நீரில் அலசுவர். பாரமான கற்கள் அடியில் தங்கும். மண் ஆற்றோடு போகும். இங்கு நச்சுப் பொருள் எதுவும் பயன்படுவதில்லை. எனினும் கரை அரிக்கப்படுகின்றது. தேயிலையின் வேர் பிடித்திருந்த சரிவு தளர்கின்றது. வண்டல் கீழே சென்று நீர்த்தேக்கத்தில் படிகின்றது. நீர்மின் உற்பத்திக்கென ஒரு நகரத்தையே விழுங்கிய தேக்கம் இவ்வாறு சிறுகச் சிறுகத் தூர்ந்து வருகின்றது. இன்னும் கீழே, அம்பத்தளையில் கொழும்புக்கான குடிநீர் எடுக்கப்படுவதும் இதே களனியிலிருந்துதான்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரச மாணிக்கக்கல் கூட்டுத்தாபனமும், அதன் வழியில் 1993 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையும் நிறுவப்பட்டன. அகழ்வுக்கு அனுமதிப்பத்திரம் பெற விரும்புவோர் காணி தமக்குரியது என்றோ, உரியவர் இசைந்தார் என்றோ காட்டல் வேண்டும். அரச காணிகளில் அகழும் உரிமை ஏலத்தில் விடப்படுவதுண்டு. ஏலத்தில் நிற்க முதல் வேண்டும். தோட்டத் தொழிலாளியிடம் இவ்விரண்டும் இல்லை. 1972, 1975 ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் முகாமை தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. இம்மாற்றங்கள் எதிலும் லயத்து அறை அதில் வாழ்பவருக்கு உரித்தாகவில்லை. 2015 க்குப் பின் ஏழு பேர்ச்சஸ் காணிக்கு உறுதி வழங்கும் முயற்சிகள் தொடங்கியபோதும், பெரும்பாலான குடும்பங்கள் அதற்கு வெளியிலேயே உள்ளன.

இதன் விளைவு பொருளாதாரத்தோடு நின்றுவிடுவதில்லை. அனுமதி பெற்றவர் குழியை மூடி நிலத்தைச் சீர்செய்வதற்கெனப் பிணைப்பணம் வைப்பிலிட வேண்டும். அனுமதியில்லாக் குழிக்குப் பிணைப்பணமும் இல்லை, அதனை மூடுவாரும் இல்லை. பொலிசார் வரும் ஓசை கேட்டதும் குழி அப்படியே கைவிடப்படும், மழைநீர் தேங்கும், அடுத்த கிழமை வேறோர் இடத்தில் வேறொரு குழி தோண்டப்படும். கிடைத்த கல்லையும் வெளிப்படையாக விற்க வழியில்லை. எனவே தரகர் சொன்னதே விலை. தேயிலைக் கூலியால் வாழ முடியாமையால் குழிக்குள் இறங்கியவர், அக்குழியின் பயனையும் தரகரிடமே விட்டுச் செல்கின்றார். ஆற்றின் சீரழிவும் அகழ்பவரின் வறுமையும் ஒரே நில உறவின் இரு வெளிப்பாடுகள் என்பது எமது துணிபு.

இதே உறவைக் கடலுக்கு அப்பாலும் காணலாம். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வகை செய்தது. வந்தவர்களுக்கு வேலை அளிக்கவென நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. 1976 இல் அவை தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயின. கூடலூர், பந்தலூர், தேவாலாப் பகுதிகளில் மீண்டும் தேயிலையும் மீண்டும் தோட்ட வீடுமே அவர்களுக்குக் கிட்டின. தோட்டத்துக்கு வெளியே குடியேறியோரும் உறுதியான பட்டாப் பெறவில்லை. 1969 ஆம் ஆண்டுக் கூடலூர் சன்ம நில ஒழிப்புச் சட்டம் பற்றிய வழக்குகளில் அப்பகுதியின் பெருநிலப்பரப்பு சிக்குண்டு கிடந்தது. 2022 இல் கழகத் தோட்டங்களின் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பி அளிக்க அரசு முடிவு செய்தபோது, ஓய்வுபெற்ற தொழிலாளர் வீட்டைவிட்டு எங்கே செல்வது என்ற கேள்வி எழுந்தது.

தேவாலா மலைகளில் பொன் உண்டு. பணியரும் குறும்பரும் பண்டு முதல் ஆற்று மணலிலும் பாறையிலும் அதனை எடுத்து வந்தனர். 1879–80 இல் புரோ ஸ்மித் என்னும் நிபுணர் ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைக்கப்பட்டு ஆய்வு நடத்தினார், லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பனிகள் திரண்டன, பங்குகள் விலையேறின. சில ஆண்டுகளிலேயே யாவும் சரிந்தன. பாறையிலிருந்து கிடைத்த பொன், முதலீட்டுக்கு ஈடாகவில்லை. கம்பனிகள் கைவிட்ட சுரங்கங்கள் மட்டும் எஞ்சின. அச்சுரங்கங்களிலும் அவற்றின் அயலிலும் இன்று களவாக இறங்குவோருள் தாயகம் திரும்பியோரும் அவர்தம் பிள்ளைகளும் அடங்குவர். மண் சரிந்தும் காற்றின்றியும் உயிர்கள் போயுள்ளன.

மஸ்கெலியாவில் இல்லாத ஒரு கேடு இங்கு உண்டு, அது பாதரசம். வெண்கற்பாறையைப் பொடியாக்கிப் பாதரசத்துடன் பிசைந்தால் பொன்துகள் அதில் ஒட்டும். அக்கலவையைத் துணியிற் பிழிந்து தீயில் வாட்டுவர். பாதரசம் ஆவியாகப் போக, பொன் நிற்கும். அவ்வாவியை முதலில் உள்ளிழுப்பவர் அடுப்பருகில் இருப்பவரே. கழுவிவிட்ட சேற்றிலுள்ள பாதரசம் நீர்நிலையில் மெதைல் பாதரசமாக மாறி மீனில் சேர்கின்றது; ஜப்பானின் மினமாட்டாவில் 1956 இல் அறியப்பட்ட நரம்பு நோய்க்குக் காரணம் இச்சேர்மமே. 2015 இல் மனித நடவடிக்கையால் வளியிற் கலந்த பாதரசத்தில் ஏறத்தாழ 38 சதவீதம் உலகின் சிற்றளவுப் பொன் அகழ்விலிருந்து வந்தது என ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் மதிப்பீடு கூறுகின்றது. நிலக்கரி எரிப்பின் பங்கைவிட இது அதிகம்.

பாதரசமின்றிப் பொன்னைப் பிரிக்கவும், ஆவியை மூடிய கலத்தில் குளிர்வித்து மீட்கவும் முறைகள் உள. ஆனால் மறைவில் அவசரமாக வேலை செய்பவருக்கு இவற்றைக் கற்பிப்பார் யார்? இந்தியாவின் 1957 ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தில், 2015 திருத்தத்துக்குப் பின், பொன் அகழும் உரிமை ஏலத்தின் வழியே கிட்டும். கூலிக்காரர் நால்வர் கூடிக் கேட்டுப் பெறக்கூடியது அதில் எதுவுமில்லை. 2017 இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா, இலங்கை இரண்டும் சேர்ந்துள்ளன. தன் நாட்டில் பாதரசம் கலந்த சிற்றளவுப் பொன் அகழ்வு புறக்கணிக்கத்தக்க அளவினும் மேற்பட்டது என ஓர் அரசு கண்டால், அது தேசியத் திட்டம் வகுக்க வேண்டும். அகழ்வோரை முறைசார் தொழிலுக்குள் கொண்டுவரும் வழிகளும் அத்திட்டத்தில் இடம்பெற வேண்டும். தேவாலாவின் அகழ்வு இன்றளவும் பொலிஸ் வழக்கேட்டில்தான் பதிவாகின்றது.