நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள்

ஃபிரிட்ஜ் வாங்கப் போனால் கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களை எல்லோரும் எண்ணுகிறோம். அதே லேபிளில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகும் என்ற கணக்கு. பில்லைத் தீர்மானிப்பது அதுதான்.

2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ், பி.இ.இ. எனப்படும் எரிசக்தித் திறன் பணியகத்தை மத்திய அரசு 2002-இல் அமைத்தது. அது 2006 மே மாதம் தொடங்கியதுதான் இந்த ஸ்டார் லேபிள் திட்டம். முதலில் நிறுவனங்கள் விரும்பினால் ஒட்டலாம் என்றிருந்தது. ஏசி, ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜ், டியூப் லைட் ஆகியவற்றுக்கு 2010-இல் கட்டாயமானது. சீலிங் ஃபேனுக்கு 2023-இல்தான்.

நட்சத்திரம் ஓர் ஒப்பீடு மட்டுமே. ஃபிரிட்ஜுக்கு அதன் கொள்ளளவையும் கணக்கில் எடுத்தே நட்சத்திரம் தருகிறார்கள். அதனால் பெரிய ஐந்து ஸ்டார் ஃபிரிட்ஜ், சிறிய மூன்று ஸ்டாரைவிடக் கூடுதல் மின்சாரம் இழுக்கலாம். தவிர, தகுதி வரம்பை அவ்வப்போது உயர்த்துகிறார்கள். 2022 ஜூலையில் உயர்த்தியபோது ஐந்து ஸ்டார் ஏசிகள் பல நான்குக்கு இறங்கின. லேபிள் எந்த ஆண்டு வரை செல்லும் என்று அதிலேயே அச்சிட்டிருப்பதற்குக் காரணம் இதுதான். தள்ளுபடியில் பழைய சரக்கு வாங்குகிறவர்கள் அதை அவசியம் பார்க்க வேண்டும்.

ஏசி லேபிளில் உள்ள யூனிட் கணக்கு, ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்டது. இரவுக்கு எட்டு மணி நேரம் வீதம் 200 நாள். சென்னையில் பகலிலும் ஏசி போடும் வீட்டுக்கு இது போதாது. அங்கே ஐந்து ஸ்டாருக்குக் கொடுக்கும் கூடுதல் விலை சீக்கிரம் திரும்பிவிடும். கோடையில் இரண்டு மாதம் மட்டும் போடுகிறவர்களுக்கு மூன்று ஸ்டாரே போதும் என்பேன்.

ஏசியைப் பற்றி இவ்வளவு யோசிக்கும் நாம் ஃபேனைக் கவனிப்பதே இல்லை. சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேனுக்குச் சுமார் 30 வாட் போதும். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால், ஒரே ஃபேனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 246 யூனிட் மிச்சம். மூன்று ஃபேன் ஓடும் வீடு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

பி.இ.இ.யின் ஸ்டார் லேபிள் செயலியில் மாடல்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கடைக்குப் போகுமுன் அதைத் திறந்து, யூனிட் கணக்கைக் குறித்துக்கொண்டு போங்கள்.